முப்பத்து மூன்று நோன்புக் கணக்கு

அஸ்ஸலாமு அலைக்கும், அக்கா தங்கச்சிமாரே. என் கையாலேயே தண்ணீரில் விட்ட ஒரு தாளை அல்லாஹ் எனக்குத் திரும்பக் கொடுத்தான். அதைச் சொல்லாமல் மவுத்தாகிவிட்டால் கபுரில் எனக்குத் தூக்கம் வராது. அதனால் சொல்கிறேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்வது நான், எழுதுவது என் மகள் மும்தாஜ். அவள் ஐந்தாவது வரை படித்தவள். நான் ஒன்று சொன்னால் அவள் அதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி மடித்து எழுதுகிறாள். எங்கேயாவது என் பேச்சாக இல்லை என்று தோன்றினால் பழி அவளுக்கு, என்னைத் திட்டாதீர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் வருஷம். அந்த வருஷத்தை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கிள்ளை. சிதம்பரத்திலிருந்து ரயிலில் வந்தால் அடுத்து வருவது. எங்கள் ஆட்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது வீட்டைப் பெண் பேருக்கு எழுதிவிடுவார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். என் அத்தாவும் அப்படித்தான் செய்தார். நோன்பு பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது சிதம்பரம் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய் வீட்டை என் பேருக்குப் பதிந்துவிட்டு வந்தார். நல்ல மழை. தாளை வாழை மட்டைக்குள் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார், தான் மட்டும் நனைந்து. அந்தக் கையாலேயே என் தலையைத் தடவினார். அத்தாவின் இடது கட்டைவிரலில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. தலையைத் தடவினால் தழும்பு முடியில் உரசும். அந்த நோன்புப் பெருநாள் கழிந்து எனக்கு நிக்காஹ் நடந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது.

தழும்பு ஏது என்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு அண்ணன், காதர். அத்தாவின் முதல் மனைவிக்குப் பிறந்தவர். அவருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு உடம்பெல்லாம் எரிந்ததாம். அத்தா பதறிப்போய் இளநீர் சீவினதில் கத்தி விரலில் இறங்கிவிட்டது. நான் பிறக்கும் முன்னால் நடந்தது. அத்தா விரலைக் காட்டிக் காட்டிச் சொல்லுவார்.

அண்ணன் வாலிப வயதில் ரங்கூனுக்குப் போய்விட்டார். என் நிக்காஹ் சமயம் அங்கேதான் இருந்தார். ஜப்பான் சண்டைக் காலத்தில் நடந்தே திரும்பி வந்தார். பிறகு கடலூர் முதுநகரில் கடை வைத்து அங்கேயே குடும்பமாகிவிட்டார். வீடு என் பேரில் இருப்பது அவருக்குத் தெரியாது. அத்தா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டு வரி ரசீது கடைசி வரை அத்தா பேரிலேயே வந்துகொண்டிருந்தது. அத்தா மவுத்தாகி மூன்று வருஷம் கழித்து, அந்த அறுபத்தைந்தாம் வருஷம் சித்திரையில், அண்ணன் வந்து நின்றார்.

"வீட்டைப் பிரிக்கணும், ஐனம்மா. ஆம்பளைக்கு ரெண்டு பங்கு, பொம்பளைக்கு ஒரு பங்கு. மார்க்கம் சொன்னதுதான், நானா சொல்லல" என்றார்.

"அத்தா எனக்கு எழுதிக் குடுத்துட்டாங்கண்ணே."

"எழுதிக் குடுத்தா பத்திரம் இருக்கும்ல? எடுத்துட்டு வா, பாத்துட்டுப் போயிடறேன்."

நான் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பத்திரம் இல்லை. ஏன் இல்லை என்பதும் எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது இவள் எழுதுகிறபோதுதான் இவளுக்கே தெரிகிறது, என்னைப் பார்த்து முறைக்கிறாள். மும்தாஜ் நிக்காஹுக்கு வீட்டை வெள்ளையடித்தோம். பெட்டியைக் கவிழ்த்துச் சுத்தம் செய்தேன். கிழிந்துபோன குர்ஆன் தாள்கள் நிறைய இருந்தன. அவற்றைக் காலில் படவிடக் கூடாது, குப்பையில் போடக் கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும். அது உங்களுக்கும் தெரியும். அதோடு ஒரு தடித்த தாள் கிடந்தது, ஓரமெல்லாம் கரையான் அரித்தது. மேலே ராஜா தலை போட்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன். கீழே அரபி எழுத்து. அத்தா எப்போதும் அரபியில்தான் கையெழுத்துப் போடுவார். எனக்கு அது கையெழுத்து என்று எப்படித் தெரியும்? அரபி எழுத்தென்றால் எனக்கு ஓதுகிற எழுத்துதான். முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றி, எல்லாவற்றோடும் சேர்த்து உப்பனாற்றில் விட்டுவிட்டேன். பிஸ்மில்லாஹ் சொல்லி விட்டேன்.

வெளியே வந்து, "கரையான் அரிச்சிடிச்சிண்ணே" என்றேன். பாதி பொய்.

அண்ணன் சிரித்தார். "கரையானுக்கும் உன் பங்குதான் ருசிச்சிதா?" என்றார். அடுத்த மாதம் கடலூர் கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தது.

என் வீட்டுக்காரர் அப்போது படுக்கையில். முந்தின வருஷமே ஒரு பக்கம் இழுத்துவிட்டது. வாய் கோணி, பேச்சுக் குழறும். காகிதம் வந்த அன்று என்னைப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது, மறு பக்கம் வரவில்லை. மும்தாஜும் அவள் இரண்டு குழந்தைகளும் என்னோடுதான். மருமகன் ஷேக் தாவூது நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஆலை வேலை. நாலு ஆட்களோடு ஒரு அறையில் தங்கி, வெள்ளிக்கிழமைக்கு வந்து போவார். வீடு போனால் இந்தப் படுக்கையை எங்கே போடுவேன்? எனக்கு அதுதான் கவலை. மூன்றில் ஒரு பங்கை வைத்து ஒரு அடுப்படி கட்டலாம், ஆளைக் கிடத்த முடியாது.

ஆடிப் பதினெட்டு கழிந்த மறுநாள் அந்தக் கவலையும் இல்லாமல் போயிற்று. அவர் போய்விட்டார்.

மூன்றாம் நாள் பாத்திஹாவுக்கு அண்ணன் வந்தார். கூடவே ஒரு ஆளும் வந்தார், காட்டுமன்னார்கோயில் பக்கத்து மில்காரர், வீட்டை வாங்கப் போகிறவர். நான் இத்தாவில் இருந்தேன். நாலு மாதம் பத்து நாள் வெளியே வரக் கூடாது, அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. உள்ளறையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வெளியே டேப்பு இழுக்கிற சத்தம் சர் சர் என்று கேட்டது. "இது எவ்வளவு?" "கிணத்தச் சேத்தா எவ்வளவு?" பிறகு, "இந்த முருங்கைய எடுத்துடலாம்" என்று ஒரு குரல். அவரைக் கழுவின தண்ணீர் முற்றத்தில் இன்னும் காயவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆயிற்று என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தொழுகை நின்றுபோயிற்று. பாயில் நிற்பேன், வாய் வராது. "உன் தாள் என்று நினைத்துத்தானே உனக்குக் கொடுத்தேன்? உனக்கு மரியாதை செய்ததற்கா இந்தக் கூலி?" என்று கேட்பேன். அப்படிக் கேட்கலாமா? கேட்டேன். ஒரு மாதம் அப்படி இருந்தேன்.

கடலூர் வக்கீல் மருமகனிடம், "பத்திரம் போனாப் போவட்டும். ரிஜிஸ்தர் ஆபீஸ் புஸ்தகத்துல அதோட நகல் இருக்கும். எந்த வருஷம்னு சொல்லு, தேடி எடுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அதுவரை இது தெரியாது. நாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அதை அப்படியே ஒரு பெரிய புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வார்களாம், ஆண்டவன் வலது தோளிலும் இடது தோளிலும் மலக்குகளை, அந்த வானவர்களை வைத்து நம் நன்மை தீமையை எழுதுகிற மாதிரி.

மருமகன் திரைக்கு வெளியே வந்து நின்றார். "மாமி, எந்த வருஷம் எழுதினது?"

வருஷம் எனக்கு எங்கே தெரியும்? எனக்கு நோன்புக் கணக்குத்தான் தெரியும். பத்திரம் பதிந்தபின் பிடித்த முதல் நோன்பில் மருதாணி வைத்தேன். இரண்டாம் நோன்பில் வயிற்றில் பிள்ளை, அது தங்கவில்லை. ஏழாம் நோன்பில் மும்தாஜ் மடியில். இப்படி விரல் விட்டு எண்ணினேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணினேன். "முப்பத்து மூணு நோன்பு பிடிச்சாச்சு மாப்பிள்ளை. ஒண்ணு கூட இல்ல, ஒண்ணு குறைச்சல் இல்ல. அல்லாஹ் மேல ஆணை" என்றேன்.

அவர் அறுபத்தைந்தில் முப்பத்து மூன்றைக் கழித்தார். சிதம்பரம் போனார். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிற நமச்சிவாயம் பிள்ளை என்று ஒருவர் உண்டு. அவரை வைத்து மனுப் போட்டார். ஒரு வருஷத்துக்கு மனுப் போட்டால் அந்த ஒரு வருஷத்துப் புத்தகத்தைத்தான் பார்ப்பார்களாம். முப்பத்திரண்டாம் வருஷப் புத்தகத்தில் அத்தா பேர் இல்லை. பிள்ளை, "வயசானவங்க எப்பவும் கொறைச்சித்தான் சொல்லுவாங்க, பின்னால போய்ப் பாப்பம்" என்று அதற்கு முந்தின வருஷம், அதற்கும் முந்தின வருஷம் பார்க்க வைத்தார். அங்கேயும் இல்லை.

மருமகன் வந்து திரைக்கு வெளியே உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "மாமி, நெஜமாவே எழுதினாங்களா?"

அண்ணன் சிரித்தது கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இது வலித்தது.

அன்றைக்குத்தான் மறுபடி பாயில் நின்றேன். பெரிய துஆ எல்லாம் எனக்கு ஓதத் தெரியாது. "யா அல்லாஹ், எனக்கு எழுத்துத் தெரியாது, உனக்குத் தெரியும். நீ எழுதினதையும் மனுஷன் எழுதினதையும் நீ அறிவாய். எனக்கு வீடு கூட வேண்டாம், நான் பொய்க்காரி இல்லை என்று மட்டும் காட்டிக் கொடு" என்றேன். இத்தா முடிந்ததும் நானே போவேன் என்றும், காரியம் தெரிகிற வரை திங்களும் வியாழனும் நோன்பு பிடிப்பேன் என்றும் நேர்ந்துகொண்டேன். அந்த நோன்பு என்ன வேலை செய்தது என்று இனிமேல் பாருங்கள்.

கார்த்திகைக் கடைசியில், பராத்து என்கிற விசேஷ இராவு வந்தபோது இத்தா முடிந்தது. வக்கீல், "ஜனவரியில வாய்தா. அதுக்குள்ள நகல் வரலேன்னா எனக்குப் பேச ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை மருமகன் லீவு போட்டு வந்தார். இருவரும் ரயில் ஏறினோம். நாலு மாதமாக வெயில் காணாத கண், ரயில் ஜன்னலில் பார்த்தால் உப்பளமும் தண்ணீரும் கூசுகிறது. வெள்ளைப் புடவையில் நான். ரயிலில் எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி ஒரு கூச்சம்.

பிள்ளை வாசலில் ஒரு சாய்வு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் தள்ளினார். "ஒக்காரும்மா. மறுபடி எதுக்கும்மா வந்தீங்க? மூணு வருஷம் பாத்தாச்சே. இல்லாத பேர நான் எழுதவா முடியும்?"

"முப்பத்து மூணு நோன்பு, ஐயா. எனக்குத் தெரியும்."

"தெரியும் தெரியும். இங்க தெனமும் வர்ற நாலு பேருக்கும் இப்படித்தான் தெரியும்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "சரி, மொதல்ல ஒரு வாய் மோர் குடி. வெயில்ல வந்திருக்க."

"நோன்பு, ஐயா."

"ரம்ஜானா?"

"இது நேர்ச்சை நோன்பு. ரம்ஜானுக்கு இன்னும் பத்துப் பன்னெண்டு நாள் இருக்கு."

பிள்ளை மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "இரும்மா. இந்த வருஷம் ரம்ஜான்தான் முடிஞ்சிடிச்சே?"

"முடியலீங்க, இனிமேத்தான்."

"அட, இல்லம்மா! பொங்கலன்னிக்கு எங்க தெரு பாய் வீட்டுக்குப் பொங்கலும் கரும்பும் குடுத்தனுப்புனேன். நோன்புன்னு மூடி வச்சிட்டு, பொழுது போயித்தான் சாப்ட்டாரு. மறுநா வந்து ஆறிப்போச்சுன்னு என்னையே கொறை சொன்னாரு. அந்தப் பொங்கல் இதே வருஷம். ஜனவரி மாசம். இது டிசம்பரு. ஒரு வருஷத்துல ரெண்டு ரம்ஜானா?"

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளை மேசையில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டார். எங்கள் மாதம் பிறையைப் பார்த்து வருவது, அதனால் வருஷம் வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னே முன்னே வருகிறது. எங்களுக்கே தெரிந்த விஷயம்தான். வெயில் காலத்திலும் நோன்பு பிடித்திருக்கிறோம், பனிக் காலத்திலும் பிடித்திருக்கிறோம். ஆனால் அது அப்படியே சேர்ந்து சேர்ந்து போனால், இங்கிலீஷ் காலண்டரில் முப்பத்திரண்டு வருஷம் ஆவதற்குள் நமக்கு முப்பத்து மூன்று ஆகிவிடுமாம். ஒரு நோன்பு நமக்கு அதிகம்.

"அந்தம்மா கணக்கு தப்பில்லய்யா" என்றார் பிள்ளை மருமகனைப் பார்த்து. "நீயும் நானும் கழிச்ச கழித்தல்தான் தப்பு. நாம பின்னால பின்னால போனோம். ஒரு வருஷம் முன்னால வந்திருக்கணும்."

அங்கேயே முப்பத்து மூன்றாம் வருஷத்துக்கு மனு எழுதினார். உள்ளே குமாஸ்தா தடிமனான ஒரு புத்தகத்தைத் தூக்கி வந்து போட்டார். தூசி பறந்து எல்லோரும் தும்மினோம். அவர் விரல் பேர்களின் மேல் கீழே கீழே இறங்கியது. நான் எழுத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கம் புரண்டது. விரல் இறங்கியது. மறுபடி புரண்டது.

விரல் நின்றது.

குமாஸ்தா அத்தா பேரை வாசித்தார். பிறகு என் பேரை வாசித்தார். பிறகு கிள்ளை என்று வாசித்தார். டிசம்பர் மாதம், நோன்புக்கு ஒரு வாரம் முன்னால்.

நான் அழவில்லை. மருமகன்தான் அழுதார். "மாமி, நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார். "கேக்காம இருந்தா நான் பாயில நின்னிருக்க மாட்டேன் மாப்பிள்ளை" என்றேன். அன்றைக்கு ரயிலில்தான் நோன்பு திறந்தேன், பிள்ளை கட்டிக் கொடுத்த வாழைப்பழத்தை வைத்து.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். நகலைக் கோர்ட்டில் கொடுத்ததும் அண்ணனின் வக்கீல் எழுந்து, யாரோ வேறு ஆளை அப்பா என்று நிறுத்திப் பதிந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார். பார்த்தீர்களா, செத்தவரை மறுபடி எழுப்பிக் கொண்டுவரச் சொல்கிற மாதிரி. நீதிபதி ரிஜிஸ்தர் ஆபீசிலிருந்து கைரேகைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். பத்திரம் பதிகிறவர்கள் எல்லோரும் அதில் இடது கட்டைவிரலை உருட்டி வைக்க வேண்டுமாம், கையெழுத்துப் போடத் தெரிந்தாலும். அதுவும் எனக்குத் தெரியாது.

பங்குனி மாதம், கடலூர் கோர்ட்டு. புத்தகத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், அண்ணனையும் கூப்பிட்டார்கள். நான் குனிந்து பார்த்தேன். வரிசையாகக் கருப்புக் கருப்பாக விரல்கள், எல்லாம் ஒரே மாதிரி. ஒன்றில் மட்டும் ரேகைகளுக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு.

இத்தனை வயதில் நான் படித்த முதல் எழுத்து அது. யாரும் எனக்கு வாசித்துச் சொல்லவில்லை. நானே படித்தேன். என் தலைமுடியில் உரசுகிற மாதிரி இருந்தது.

"இது எங்கத்தா" என்றேன்.

அண்ணன் பக்கத்தில் நின்றார். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் அவர் காதில் ஏதோ சொன்னார். அண்ணன் கையை அசைத்து நிறுத்தினார். "எளநி சீவுனப்ப வெட்டுனது" என்றார், யாரிடமும் இல்லை, தனக்குத்தானே. "எனக்கு அம்மை போட்டிருந்திச்சு." பிறகு, "போதும் வக்கீலய்யா, வழக்கு வேணாம்னு எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவர் எங்கள் வீட்டுக்கு அதற்குப் பிறகு வரவில்லை. வெட்கமா கோபமா, தெரியாது. இரண்டு நோன்பு கழித்துக் கடலூரிலேயே மவுத்தாகிவிட்டார். நான் போய் மையித்தைப் பார்த்தேன். அம்மைத் தழும்பு முகத்தில் அப்படியே இருந்தது. அவருக்காகவும் துஆச் செய்கிறேன். வீடு கிடைத்தது, அண்ணனும் கிடைத்திருக்கலாம். அல்லாஹ் கொடுத்ததைத்தான் சொல்ல முடியும், கொடுக்காததற்கு அவனிடம் ஏதோ கணக்கு இருக்கும். என் கணக்கைப் போல அதுவும் எனக்கு இன்னும் விளங்காமல் இருக்கலாம்.

இப்போது நான் சந்தோஷமாக இருக்கிறேன். ஐந்து வேளையும் விடுவதில்லை. கிழிந்த தாள் எது இருந்தாலும் தண்ணீரில் விடும் முன் மும்தாஜிடம் காட்டிவிடுகிறேன். போன மாதம் ஒரு சோப்புச் சீட்டைக் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுப்படிச் சுவரில் நோன்புக்கு ஒரு கரிக்கோடு, பொங்கலுக்கு ஒரு கரிக்கோடு, தனித்தனியாகப் போட்டு வருகிறேன். பத்திரம் தொலைத்த பெண்கள், புருஷன் இல்லாத பெண்கள் எங்கள் வீடு தேடி வருகிறார்கள். நான் அவர்கள் நோன்பை எண்ணி, முப்பதைத் தாண்டினால் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, சிதம்பரத்துக்குக் கூட்டிப்போகிறேன். பிள்ளை என்னைக் கண்டதும், "வந்துட்டாங்கய்யா, ரெண்டு காலண்டர்க்காரம்மா" என்று சத்தம் போட்டு ஸ்டூலைத் தள்ளுகிறார்.

அக்கா தங்கச்சிமாரே, உங்களுக்கும் ஏதாவது தொலைந்திருக்கும். பொய்க்காரி என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உங்கள் கணக்கு சரியாகவே இருக்கும், தேடின இடம் தப்பாக இருக்கும். அவனிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், நான் போட்டேன். கேட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள், எழுந்து ரயில் ஏறுங்கள். பதில் விபூதி பூசிக்கொண்டு, கையில் மோர்ச் சொம்போடு வாசலில் நின்றாலும் நிற்கும்.

அல்ஹம்துலில்லாஹ். இதோ, மும்தாஜ் எழுதி முடித்த இந்தத் தாளின் அடியில் என் இடது கட்டைவிரலை வைக்கிறேன்.